வாரண்ட் இருந்தா ஃபுட் ஸ்டாம்ப் கிடைக்காதா? – அக்காகிட்ட கேளுங்க

கேள்வி: அக்கா, நாங்க நியூ ஜெர்சில இருக்கோம், கிரீன் கார்டு வந்து ஏழு வருஷம் ஆச்சு, பசங்க ரெண்டு பேரும் இங்கயே பொறந்தவங்க. வீட்டுக்காரருக்கு மூணு மாசமா வேலை இல்ல, என் சம்பளம் வாடகைக்கே சரியா போயிடுது. ஃபுட் ஸ்டாம்புக்கு (அரசாங்கம் தர்ற சாப்பாட்டு உதவிக்கு) அப்ளை பண்ணலாம்னா பயமா இருக்கு. முன்னாடி பென்சில்வேனியால இருந்தப்போ ஒரு அடிதடி கேஸ்ல இவர் பேரும் சேர்ந்துடுச்சு, அப்புறம் வீடு மாறுனதுல கோர்ட் லெட்டர் எதுவும் கைக்கு வரல, இப்பதான் ஃபெலனி வாரண்ட், அதாவது பெரிய குற்றத்துக்கான வாரண்ட் இருக்குன்னு தெரிய வந்துச்சு. பசங்களுக்கும் கிடைக்காதா அக்கா?
– எடிசன் வாசகி

பதில்: தங்கச்சி, மொதல்ல பசங்க விஷயம். அப்பாவுக்கு வாரண்ட் இருக்குங்கறதுக்காக பசங்க சாப்பாட்ட யாரும் நிறுத்த முடியாது, உன்னோடதையும் நிறுத்த முடியாது. அந்தத் தடை அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான். இதத் தெரியாம எத்தனையோ வீட்ல அப்ளிகேஷனே போடாம வயித்தக் கட்டிக்கிட்டு இருக்காங்க, அத நினைச்சா எனக்கு ஆறவே மாட்டேங்குது.

இப்ப உங்க வீட்டுக்காரர் விஷயத்துக்கு வரேன். 1996 ஆகஸ்ட்ல கிளிண்டன் கையெழுத்து போட்ட வெல்ஃபேர் சட்டத்துலதான் இந்த விதி வந்துச்சு, ஃபெலனி கேஸ்ல அரெஸ்ட் ஆகாம தப்பிச்சு ஓடுறவங்களுக்கு ஃபுட் ஸ்டாம்பு, எஸ்எஸ்ஐ (வருமானம் குறைஞ்ச வயசானவங்களுக்கும் உடம்பு முடியாதவங்களுக்கும் மாசாமாசம் தர்ற பணம்), கேஷ் உதவி எதுவும் கிடையாதுன்னு. உங்க நியூ ஜெர்சில ஃபெலனிங்கற வார்த்தையே சட்டத்துல கிடையாது, அதனால அந்த ஸ்டேட்டுக்குன்னே தனியா 'ஹை மிஸ்டிமீனர்'னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்காங்க. ஆனா உங்க கேஸ் நடந்தது பென்சில்வேனியால, அதனால அந்த ஊர் சட்டப்படி அது ஃபெலனியாங்கறதுதான் கணக்கு. நெறைய அடிதடி கேஸ் மிஸ்டிமீனர்லயே, அதாவது சின்னக் குற்றமாவே முடிஞ்சுடும், அதனால 'ஃபெலனி வாரண்ட்'னு யாரோ வாய்ல சொன்னத நம்பாம பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க.

'தப்பிச்சு ஓடுறவர்'னா யாருன்னு அந்தச் சட்டத்துல தெளிவா சொல்லல. வாரண்ட் இருக்கா, அப்ப ஓடுறவர்தான்னு பல ஸ்டேட்ல அவங்க பாட்டுக்கு பேர வெட்டிட்டு இருந்தாங்க. 2008 ஃபார்ம் பில்லுங்கற சட்டத்துலதான் இத ஒழுங்கா வரையறுங்கன்னு ஃபுட் ஸ்டாம்ப நடத்துற விவசாயத் துறைக்கு உத்தரவு போட்டாங்க, அவங்க 2015 செப்டம்பர்லதான் கடைசி விதிய வெளியிட்டாங்க, அதுக்கே ஏழு வருஷம். அந்த விதிப்படி நாலு விஷயம் ஒண்ணா இருக்கணும். நடப்புல ஃபெலனி வாரண்ட் இருக்கணும், அது அவருக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல தெரிஞ்சிருக்கணும்னு எதிர்பார்க்க நியாயம் இருக்கணும், அரெஸ்ட்ல இருந்து தப்பிக்க அவர் ஏதாவது செஞ்சிருக்கணும், போலீஸும் அவர நெஜமாவே தேடிக்கிட்டு இருக்கணும். இதுல ஒண்ணு இல்லைன்னாலும் அவர் பேர எடுக்கக் கூடாது. வேலைக்காக வீடு மாறுனது தப்பிச்சு ஓடுனது ஆகாது, ஆனா அதக் காட்ட பழைய லீஸ், புது வேலை ஆஃபர் லெட்டர், போஸ்ட் ஆஃபீஸ்ல அட்ரஸ் மாத்துன ரசீது எல்லாத்தையும் எடுத்து வைங்க. (தப்பி ஓடுனதுக்குன்னே, இல்ல ஜெயில்ல இருந்து தப்பிச்சதுக்குன்னே போட்ட வாரண்ட போலீஸே கொண்டு வந்து காட்டுனா அது வேற வழி, உங்க கதை அது இல்ல.)

போலீஸ் தேடுறாங்களான்னு கண்டுபிடிக்க வேண்டியதும் ஃபுட் ஸ்டாம்ப் ஆபீஸோட வேலைதான், உங்க வேலை இல்ல. அவங்க போலீஸ்கிட்ட கேட்டு குறைஞ்சது 20 நாள் டைம் தரணும். பதிலே வரலைன்னாலோ, பிடிக்கற எண்ணம் இல்லைன்னு சொன்னாலோ, அவர ஓடுறவரா நினைக்கக் கூடாது. 30 நாளைக்குள்ள பிடிப்போம்னு சொன்னா ஆபீஸ் அந்த 30 நாளும் காத்திருக்கணும், அதுக்குள்ள போலீஸ் ஒண்ணும் செய்யலைன்னா விஷயம் அத்தோட முடிஞ்சுது. நம்ம ஊர்ல பிடிவாரண்ட் போட்ட கேஸ் வருஷக்கணக்கா தூங்குற மாதிரிதான் அங்கயும், சின்ன கேஸுக்காக இன்னொரு ஸ்டேட்டுக்கு வந்து ஆள கூட்டிட்டுப் போறதுக்கு செலவு பண்ண பல கவுண்டி தயாரா இல்ல.

ஆனா ஒண்ண மறைக்க மாட்டேன். புருஷன் பொண்டாட்டி ஒரே வீட்ல இருந்தா ஒரே குடும்பம்னுதான் அப்ளிகேஷன் போடணும், அவர் பேர விட்டுட்டு போட முடியாது. அப்படி அவர தகுதி இல்லாதவர்னு முடிவு பண்ணிட்டா ஆளக் கணக்குல சேர்க்க மாட்டாங்க, வருமானத்த மட்டும் முழுசா சேர்ப்பாங்க, அதாவது நாலு பேர் வருமானம், மூணு பேருக்கு சாப்பாடு. எனக்கு இது அநியாயமாத்தான் படுது, ஆனா விதி அதுதான். அப்ளிகேஷன்ல வாரண்ட் பத்தி கேட்டா பொய் எழுதாதீங்க, மாட்டுனா மொத தடவையே ஒரு வருஷம் தடை, மூணாவது தடவைக்கு ஆயுசுக்கும் கிடையாது. போலீஸ் முறைப்படி கேட்டா ஆபீஸ் அட்ரஸக் குடுக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. அதனால அப்ளிகேஷனுக்கு முன்னாடி, இல்ல அதோட சேர்த்தே, கேஸ் இருக்கற கவுண்டியோட பப்ளிக் டிஃபெண்டர் (காசு இல்லாதவங்களுக்கு அரசாங்கம் தர்ற வக்கீல்) ஆபீஸுக்கு போன் பண்ணுங்க. நம்ம கோர்ட்ல 'வாரண்ட் ரீகால்'னு சொல்லுவாங்கல்ல, அதே மாதிரி அங்கயும் வக்கீல் மனு போட்டு வாரண்ட எடுக்க வைக்கலாம்.

அவர் சிட்டிசன் இல்லைங்கறத வக்கீல்கிட்ட மொத வார்த்தையாவே சொல்லுங்க. குற்றத்த ஒத்துக்கிட்டா நாடு கடத்துற அபாயம் இருக்கான்னு வக்கீல் சொல்லியே ஆகணும்னு 2010ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. சீக்கிரம் முடிஞ்சா போதும்னு எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க. இது முடியற வரைக்கும் இந்தியா பக்கம் போக வேணாம், திரும்பி வரப்போ ஏர்போர்ட்லயே வாரண்ட் கம்ப்யூட்டர்ல காட்ட வாய்ப்பு இருக்கு.

கேள்வி: அக்கா, என் மாமனார் அமெரிக்க சிட்டிசன், 71 வயசு, எஸ்எஸ்ஐல வர்ற பணத்துலதான் ஓடுது. டெக்சாஸ்ல ரொம்ப வருஷம் முன்னாடி செக் பவுன்ஸ் ஆன விஷயத்துல வாரண்ட் இருக்குன்னு சொல்றாங்க. பணம் நின்னுடுமோன்னு அவருக்கு ராத்திரி தூக்கமே இல்ல.
– ஹூஸ்டன் வாசகர்

பதில்: தம்பி, மொதல்ல அவர நிம்மதியா தூங்கச் சொல்லுங்க. ஒரு காலத்துல எஸ்எஸ்ஏ (எஸ்எஸ்ஐ பணத்த தர்ற அரசாங்க ஆபீஸ்) கம்ப்யூட்டர்ல பேர ஒத்துப் பாத்து, வாரண்ட் இருந்தா உடனே பணத்த நிறுத்திட்டு இருந்தாங்க, 2005ல இருந்து ரிட்டயர்மெண்ட், டிசெபிலிட்டி பணத்தக்கூட விட்டு வைக்கல. கலிபோர்னியால ஒரு அம்மாவுக்கு மியாமில 1980ல போட்ட போதைப்பொருள் வாரண்ட காரணம் காட்டி நிறுத்திட்டாங்க, அந்தம்மா மியாமி பக்கமே போனதில்ல, பேர் மட்டும்தான் ஒண்ணு. அவங்க போட்ட மார்ட்டினெஸ் வழக்கு 2009ல சமரசமா முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஜெயில்ல இருந்து தப்பிச்சது, வழக்குல இருந்து தப்பி ஓடுனது மாதிரி வகை வாரண்ட் இருந்தாத்தான் எஸ்எஸ்ஏ நிறுத்தும். செக் பவுன்ஸ் அதுல வராது. ப்ரொபேஷன் (ஜெயிலுக்குப் பதிலா கண்காணிப்புல வெளிய இருக்கறது) மீறுனதா ஒரு வாரண்ட் இருக்குங்கற ஒரே காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாதுன்னு கிளார்க்னு இன்னொரு வழக்குல 2010ல அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு.

அதையும் மீறி லெட்டர் வந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. 60 நாளைக்குள்ள அப்பீல் போடலாம், ஆனா 10 நாளைக்குள்ள போட்டுட்டா முடிவு வர்ற வரைக்கும் பணம் வந்துட்டே இருக்கும், அதனால லெட்டர் வந்த அன்னைக்கே கவர்ல தேதி எழுதி வச்சுக்கோங்க. 'அதிகமா குடுத்துட்டோம், திருப்பிக் கட்டு'ன்னு கேட்டாலும் தள்ளுபடி கேக்கலாம், அதுக்கு கெடு கிடையாது. வாரண்ட் அவரோடதே இல்லைன்னா, பேர் கொழப்பம்னா, கைரேகை வச்சு நிரூபிக்கலாம். லீகல் எய்ட்ல இதுக்கு காசு வாங்க மாட்டாங்க.

கேள்வி: தம்பி மேல வாரண்ட் இருக்கு, வாரம் மூணு நாள் டயாலிசிஸ் போறான். ஆஸ்பத்திரில பேர் குடுத்தா மெடிக்கெய்ட் (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசாங்க மருத்துவ உதவி) நின்னுடும்னு நண்பர்கள் பயமுறுத்துறாங்க, போன வாரம் ஒரு நாள் போகாமலே இருந்துட்டான்.
– பெயர் வேண்டாம்

பதில்: மெடிக்கெய்டுக்கு அந்த 1996 தடையே கிடையாதுங்க. வாரண்ட் இருக்குன்னு மெடிக்கெய்ட நிறுத்த முடியாது. எஸ்எஸ்ஐ மூலமா மெடிக்கெய்ட் வந்திருந்து அந்த எஸ்எஸ்ஐ நின்னாக்கூட, வேற வழில தகுதி இருக்கான்னு ஸ்டேட் பாத்துட்டுத்தான் எடுக்கணும். வக்கீல அடுத்த வாரம் பாத்துக்கலாம், நாளைக்கு டயாலிசிஸ் இருந்தா நீங்களே கூட உக்காந்து கூட்டிட்டுப் போங்க.