ஊசியை மட்டும் எழுதினால் கணக்கு ஆகாது: பன்றிப் பண்ணையில் ஆன்டிபயாட்டிக் பதிவேடு

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் 20 தாய்ப்பன்றிகள் வைத்து வெண்பன்றிப் பண்ணை நடத்துகிறேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 250 பன்றிகளைச் சராசரி 90 கிலோ எடையில் விற்கிறேன். பெரும்பாலும் கேரளத்துக்குத்தான் போகின்றன. இனி ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டுப் பதிவேடு இருந்தால்தான் கொள்முதல் என்கிறார் வியாபாரி. எங்களுக்கு மருந்து கொடுக்கும் முகவரோ, மாதம் ஒரு தொகை கொடுத்தால் பதிவேட்டைத் தானே எழுதி, முத்திரையும் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். சென்ற ஆண்டு ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி மருந்து 12 புட்டி (100 மி.லி.) வாங்கினேன். பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் ஒரு பொடியும் கலக்கிறேன். ஊசி போட்டதை மட்டும் எழுதினால் போதுமா? சிறிய பண்ணையால் இதைச் செய்ய முடியுமா?

பதில்: முதலில் முகவரின் யோசனையை மறுத்துவிடுங்கள். மருந்தை விற்றால்தான் வருமானம் என்றிருப்பவர், எவ்வளவு மருந்து செலவானது என்ற கணக்கையும் எழுதினால் அந்தக் கணக்கு யாருக்குச் சாதகமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட முக்கியமானது, நாளை உங்கள் பன்றியின் இறைச்சியில் மருந்தின் எச்சம் இருப்பதாகப் பரிசோதனையில் தெரியவந்தால், பதிவேட்டின் கீழே இருப்பது உங்கள் கையெழுத்துதான். முத்திரை வைத்தவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் ஒரே மூச்சாக எழுதிய பல பதிவேடுகளை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அவற்றில் எந்தக் குட்டியும் நோயில் சாகவில்லை, எந்த மருந்தும் அளவு தவறவில்லை. அப்படிப்பட்ட ஏடு பண்ணைக்காரருக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

ஊசியை மட்டும் எழுதினால் போதாது. காரணத்தை உங்கள் எண்களைக் கொண்டே காட்டுகிறேன். நீங்கள் வாங்கிய ஊசி மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம் கொண்ட நீண்ட நேரம் செயல்படும் வகை என்று வைத்துக்கொள்வோம். 12 புட்டி என்றால் 1,200 மி.லி.; அதில் மருந்து 240 கிராம். விற்ற பன்றிகளின் மொத்த எடை 22,500 கிலோ. ஆக, ஒரு கிலோ பன்றிக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம். இப்போது பொடிக்கு வருவோம். அது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 15 விழுக்காடு குளோர்டெட்ராசைக்ளின் பொடியாக இருந்து, ஆண்டு முழுவதற்கும் 25 கிலோ மூட்டை ஒன்றுதான் செலவாகியிருக்கிறது என்றாலும், அதிலுள்ள மருந்து 3,750 கிராம். ஒரு கிலோ பன்றிக்கு ஏறத்தாழ 167 மில்லிகிராம். பன்னிரண்டு புட்டி ஊசி மருந்தைக் காட்டிலும் ஒரே ஒரு மூட்டைப் பொடியில் பதினைந்து மடங்குக்கு மேல் ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. ஊசி கண்ணுக்குத் தெரிகிறது, பன்றி கத்துகிறது, அதனால் நினைவில் நிற்கிறது. தவிட்டோடு கலந்த பொடியை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை.

பொடியை விற்பவர்களும் அதை மருந்து என்று சொல்வதில்லை. ‘வளர்ச்சி ஊக்கி’, ‘குடல் நலப் பொடி’, ‘குட்டிகளுக்கான டானிக்’ என்ற பெயர்களில்தான் அது பண்ணைக்குள் நுழைகிறது. மூட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். சைக்ளின், மைசின், சிலின், ஃப்ளாக்சசின் என்று முடியும் பெயர் எது இருந்தாலும் அதை ஆன்டிபயாட்டிக் என்றே கொண்டு எழுதுங்கள். டைலோசின், டியாமுலின் ஆகியவையும் அவ்வகையே. கொலிஸ்டின் என்று இருந்தால் வாங்கவே கூடாது; உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதை விற்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்துவிட்டது. மனிதர்களுக்கு வேறெந்த மருந்தும் கேட்காத நிலையில் கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று; அந்த மருந்துக்குச் சாகாமல் தாங்கும் ஆற்றலைக் கிருமிக்குக் கிருமி கடத்தும் மரபணு 2015இல் சீனாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது பன்றிகளிலும் அது இருந்தது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகளும் 2025இல் தடைக்குள் வந்துவிட்டன. சேர்மானமே அச்சிடாத பொடி என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளை உங்களால் பதிவேட்டில் எழுத முடியாது.

பதிவேட்டுக்கு அச்சடித்த படிவம் தேவையில்லை, நீளமான கணக்கு நோட்டு ஒன்றே போதும். மருந்து கொடுத்த அன்றே தேதி, பன்றியின் காதுவில்லை எண் அல்லது அறை எண், தோராய எடை, கண்ட நோய்க்குறி, மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும், கொடுத்த அளவு, ஊசியா தீவனமா தண்ணீரா என்பது, எழுதிக் கொடுத்த கால்நடை மருத்துவரின் பெயர், கடைசி வேளை கொடுத்த தேதி, எந்தத் தேதிக்குப் பிறகு விற்கலாம் என்பது ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். அறை முழுவதற்கும் தீவனத்தில் கொடுத்தால் அந்த அறையில் இருந்த எல்லாப் பன்றிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மருத்துவர் எழுதிய சீட்டையும் கடை ரசீதையும் அதே நோட்டில் ஒட்டிவையுங்கள்.

விற்கலாம் என்று குறித்த தேதியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கடைசி வேளை மருந்துக்குப் பிறகு காத்திருக்க வேண்டிய காலத்தை மருந்தின் லேபிளில் அச்சிட வேண்டும் என்று 2012இல் மருந்து விதிகளில் திருத்தம் வந்தது. லேபிளில் அது குறிப்பிடப்படவில்லை என்றால் இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். ‘மூன்று நாள் போதும், எல்லாம் சிறுநீரில் போய்விடும்’ என்று சொல்லும் தரகரை நம்பாதீர்கள்; அவருக்கு வண்டி நிரம்ப வேண்டும், அவ்வளவுதான்.

தாய்ப்பன்றிகளுக்கு இந்தக் காத்திருப்புக் காலம் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவுக்கு அது நியாயம்தான். குட்டி ஈன்றபின் மடிநோயோ கருப்பை அழற்சியோ வந்து ஊசி போட்ட தாய்ப்பன்றி, அடுத்த ஈற்றுக்கும் பண்ணையிலேயே இருக்கப்போகிறது என்றால் விற்பனைத் தேதிக்கு அப்போது வேலை இல்லை. ஆனால் நடப்பது என்ன? அந்தத் தாய்க்குப் பால் வற்றிவிடுகிறது, குட்டிகளை வேறு தாயிடம் விடுகிறார்கள் அல்லது இழக்கிறார்கள், இனி இதை வைத்துத் தீனி போட்டு என்ன பயன் என்று பத்தாம் நாளே கழித்து விற்றுவிடுகிறார்கள். 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள, அண்மையில்தான் மருந்து ஏறிய உடல் அது. ஆகவே விலக்கு என்பது பண்ணையில் இருக்கும்வரை மட்டுமே. விற்பது என்று முடிவெடுத்த நிமிடத்திலேயே அது கறிப்பன்றியாகிவிடுகிறது, கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து முழுக் காத்திருப்புக் காலத்தையும் எண்ண வேண்டும். கழித்துக்கட்டும் ஆண் பன்றிக்கும் இதே கணக்குத்தான். அதனால் தாய்ப்பன்றிகளுக்கும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் தேதியை எழுதியே வையுங்கள்.

சிறிய பண்ணையால் முடியுமா என்று கேட்டீர்கள். நாளுக்கு ஐந்து நிமிட வேலைதான் இது. உண்மையில் முடியாமல் இருப்பது அரசு அமைப்புகளால். மருந்து விற்பனையைக் கவனிக்க ஒரு துறை, பன்றியைக் கவனிக்க ஒரு துறை, இறைச்சியில் உள்ள எச்சத்தைக் கவனிக்க இன்னொரு துறை. எந்தப் பண்ணைக்கு எந்த மருந்து எவ்வளவு போனது என்பதை ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தைக் கடைக்காரர் தாராளமாக எடுத்துக் கொடுக்கிறார். கால்நடை மருந்தகத்து மருத்துவரோ பல ஊர்களை ஒருவராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. டென்மார்க் 2000ஆம் ஆண்டிலேயே மருந்துக் கடைகளிடமிருந்தும் மருத்துவர்களிடமிருந்தும் நேரடியாகத் தகவல் திரட்டத் தொடங்கிவிட்டது. 2010 முதல் அளவு மீறிய பன்றிப் பண்ணைகளுக்கு மஞ்சள் அட்டை கொடுத்து எச்சரிக்கிறது. இங்கே எல்லாச் சுமையும் விவசாயியின் தலையில்தான் விழுகிறது. அது நியாயமில்லை என்பதை நான் துறைக் கூட்டங்களிலும் சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் எழுதுவதால் முதல் பயன் உங்களுக்கே. பிரிட்டனில் 2015இல் ஒரு கிலோவுக்கு 278 மில்லிகிராமாக இருந்த பன்றிகளின் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு, பண்ணைவாரியாகப் பதிவு செய்யத் தொடங்கியபின் 2018இல் 110ஆகக் குறைந்தது. அவர்கள் எடையைக் கணக்கிடும் முறை வேறு என்பதால் உங்கள் எண்ணை அதோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் சென்ற ஆண்டுக் கணக்கோடு இந்த ஆண்டை ஒப்பிடுங்கள். குட்டிகளின் கழிச்சலுக்குப் பொடிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை ஈரத் தரை, குளிர்காற்று, அசுத்தமான தண்ணீர், அவசரமாகப் பால் மறக்கடிப்பது, ஒரே நாளில் தீவனத்தை மாற்றுவது ஆகியவை. இவற்றைச் சரிசெய்த பின்னும் கழிச்சல் நின்றபாடில்லை என்றால், சாணத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, மருத்துவர் சொல்லும் மருந்தை நோயுற்ற அறைக்கு மட்டும் கொடுங்கள்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வருகிறது, முன்கூட்டியே இந்த ஊசியைப் போடுங்கள் என்று எவராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது வைரஸ் நோய். எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைத் தடுக்காது, குணப்படுத்தாது. 2022இல் வயநாட்டில் அது பரவியபோது பன்றிகளை அழிக்கத்தான் வேண்டியிருந்தது.

வியாபாரியிடம் உங்கள் கையால் எழுதிய நோட்டைக் காட்டுங்கள். விற்கும் பன்றிகளுக்குரிய பக்கத்தின் நகலை அவருக்குக் கொடுக்கலாம். ‘ஆன்டிபயாட்டிக் பயன்படுத்தாத பண்ணை’ என்று அச்சிட்ட தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பயன்படுத்தியிருக்கிறீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்பதற்கும் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அதை மட்டுமே நீங்கள் எழுதித் தர முடியும். இன்றைக்குப் பண்ணையில் உள்ள மருந்துப் புட்டிகளையும் பொடி மூட்டைகளையும் எண்ணி, நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பாக எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.