மலைச்சரிவு வீட்டில் கனமழைக் காலம்: மாடியில் தங்கலாமா?

கேள்வி: குன்னூரில் சரிவை வெட்டிச் சமன்செய்த இடத்தில் எங்கள் வீடு உள்ளது. பின்புறம் ஆளுயரத்துக்கு மேல் தடுப்புச் சுவர் இருக்கிறது. சென்னை வெள்ளத்தின்போது என் அண்ணன் குடும்பத்தினர் மாடியில் தங்கித் தப்பினார்கள். கனமழையில் சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டால், வயதான அம்மாவுடன் நாங்களும் மாடியிலேயே இருந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். சமவெளி நகரத்தில் வெள்ளம் கீழிருந்து ஏறுவதால் மாடி காப்பாற்றுகிறது. மலையிலோ நீரில் ஊறிய மண் பாறையோடும் மரத்தோடும் மேலிருந்து இறங்குகிறது. அது சுவரைத் தள்ளிக்கொண்டு வந்தால் மாடியும் நிற்காது. 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் மிகுந்த கவனம் தேவை.

உங்கள் தடுப்புச் சுவரில் வடிகுழாய்கள் இருக்கும். மழை நாட்களில் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தெளிவாக வடிந்த நீர் கலங்கி வந்தாலோ, மழை நிற்காதபோதே வடிவது நின்றுபோனாலோ, சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி மண்ணை அழுத்துகிறது என்று கொள்ள வேண்டும். சுவர் வயிறு தள்ளுவது, முற்றத்தில் புதிய வெடிப்பு, மரம் சாய்வது, நேற்றுவரை எளிதாக மூடிய கதவு நிலையில் இறுகுவது ஆகியவையும் அபாய அறிகுறிகளே. அருகிலுள்ள ஓடையில் நீர் திடீரென்று குறைந்தால், மேலே எங்கோ அடைபட்டிருக்கலாம். அது உடைத்துக்கொண்டு வரும் பாதையில் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது.

அம்மாவை அழைத்துச் செல்ல நேரம் பிடிக்கும் என்பதால், எச்சரிக்கை வந்த நாளன்று பகல் வெளிச்சத்திலேயே உறவினர் வீட்டுக்கோ நிவாரண முகாமுக்கோ சென்றுவிடுங்கள். அவருடைய மருந்துகளை ஒரு வாரத்துக்குக் குறையாமல் தனிப் பையில் வைத்திருங்கள். மண் சரியத் தொடங்கிவிட்டால், சரிவின் போக்கிலேயே கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலக வேண்டும்.

பாதுகாப்பான இடத்துக்குப் போன பின்னரும் இரண்டு விஷயங்களை அலட்சியம் செய்யாதீர்கள். முதலாவது குடிநீர். மண்சரிவில் குழாய்கள் உடைவதாலும் ஊற்றுகளில் கழிவு கலப்பதாலும் வயிற்றுப்போக்கு எளிதில் பரவும். கலங்கிய நீரைத் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, அதன் பின்னரே கொதிக்க வையுங்கள். உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஊட்டியில் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸ்தான். ஆகவே நம் மலையில் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு மூன்று நிமிடம் அடுப்பிலேயே வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, குளிர். மின்சாரம் இல்லாத இரவில் கரி அடுப்பை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கத்தை அருள்கூர்ந்து கைவிடுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, உறங்குபவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். மூன்று நான்கு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் படுப்பது போதுமானது.

மழை விட்டதும் உடனே வீடு திரும்ப வேண்டாம். ஊறிய மண் வெயில் அடித்த பிறகும் சரிவதுண்டு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைத்துத் தெரிவித்து, பொறியாளர் சுவரைப் பார்த்துச் சொன்ன பிறகு அம்மாவை அழைத்து வாருங்கள்.