சுவருக்குள் தூங்கும் தொலைபேசி வயர்: கேள்வி பதில்

தொலைபேசி லைன் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு வீடுகளுக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுக்கிறேன். அன்று சுவருக்குள் விட்டதையே இன்று உருவிக் காசு பார்க்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். கேலி நியாயமானதுதான். லைனைத் துண்டித்துவிட்டு, சுவரில் மிஞ்சிய பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. வேகத்தை எம்பிபிஎஸ் என்று எழுதினால் மருத்துவக் கல்லூரி ஞாபகம் வருகிறது. அதனால் மெகாபிட் என்றே எழுதுகிறேன். எல்லாம் நொடிக் கணக்கு.

கேள்வி (அண்ணா நகர், சென்னை): ஐயா, எங்கள் வீடு 1996இல் கட்டியது. ஹாலிலும் இரண்டு படுக்கையறைகளிலும் தொலைபேசிப் பெட்டி இருக்கிறது. கடைசி அறைக்கு வைஃபை எட்டுவதில்லை. இந்த வயரிலேயே இணையத்தைக் கொண்டுபோக முடியுமா?

முதலில் எதையும் வாங்காதீர்கள். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூடி மேல் நான்கு முறை பெயின்ட் அடித்திருப்பார்கள். விளிம்பைப் பிளேடால் கீறிவிட்டுத் திருகினால் சுவர்ப்பூச்சு பெயர்ந்து வராது. உள்ளே பல்லி முட்டையோ எறும்பு மண்ணோ இருந்தால் திகைக்க வேண்டாம், பாதி வீடுகளில் அதுதான் குடியிருக்கிறது.

லைன் இன்னும் உயிரோடு இருந்தால் அதில் 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் மணி அடிக்கும்போது 75 வோல்ட்டுக்கு மேல் மாறுமின்சாரம் வரும். அந்த நேரத்தில் விரல் பட்டால் சுண்டி இழுக்கும். ஒருமுறை ஏணி மேல் நின்றிருந்தபோது எனக்கு அப்படி ஆகி, கையிலிருந்த இடுக்கி கீழே நின்ற வீட்டுக்காரரின் காலடியில் விழுந்தது. ஆகவே வெளியிலிருந்து வரும் லைனை முதலில் கழற்றிவிடுங்கள்.

இனி வயரைப் பாருங்கள். சுவரோரமாக ஆணி கிளிப் அடித்து ஓடும் தட்டையான வயர் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். அதில் முறுக்கே கிடையாது. உருண்டையான உறைக்குள் இரண்டு ஜோடி, அதாவது நான்கு கம்பி இருந்தால் அது நம் ஊரின் வழக்கமான தொலைபேசி கேபிள். அதில் ஓரளவு வேலை நடக்கும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என நான்கு ஜோடிகளும், உறை மேல் கேட்-5 அல்லது கேட்-5இ என்ற நெட்வொர்க் கேபிள் தர அச்சும் இருந்தால் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம்.

முறுக்கை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு ஜோடியில் இரண்டு கம்பிகளிலும் எதிரெதிர் சமிக்ஞை ஓடும். வெளி இரைச்சல் முறுக்கின் காரணமாக இரண்டிலும் சமமாக ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் காணாமல் போகும். பேச்சுக்கு 3,400 ஹெர்ட்ஸ் போதும் என்பதால் தொலைபேசிக்காரர்களாகிய நாங்கள் வீட்டு வயரின் முறுக்கைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. கேட்-5இ கேபிளை 100 மெகாஹெர்ட்ஸ் வரை சோதிக்கிறார்கள். ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு.

கடைசியாக ஒன்று. வயரை விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். குழாய்க்குள் நகர்கிறதா, சுவரோடு பூசிவிட்டார்களா? குழாய்க்குள் நகர்ந்தால் வயர் என்ன ரகமாக இருந்தாலும் கவலை இல்லை. உங்கள் சொத்து அந்த முக்கால் இஞ்சுக் குழாய்தான், வயர் அல்ல. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (விருதுநகர்): எங்கள் வீட்டில் இரண்டு ஜோடி வயர்தான், அதுவும் சுவரோடு பூசப்பட்டது. ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், அளவோடு. 100 மெகாபிட் ஈத்தர்நெட்டுக்கு, அதாவது கேபிள் வழி நெட்வொர்க்குக்கு, இரண்டு ஜோடி போதும். ஆர்ஜே-45 என்னும் எட்டு ஊசி நெட்வொர்க் சாக்கெட்டில் 1, 2 ஊசிகளுக்கு ஒரு ஜோடி, 3, 6 ஊசிகளுக்கு மற்றொன்று. 1,000 மெகாபிட்டுக்குத்தான் நான்கு ஜோடியும் தேவை. விதிப்படி தொலைபேசி வயர் இதற்குத் தகுதியானது அல்ல. ஆனால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் 100 மெகாபிட் ஓடிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன், ஓடாத வீடுகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டு சாக்கெட் செலவுதானே, முயன்று பாருங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. இன்றைய ரௌட்டரும் கணினியும் பேச்சுவார்த்தை நடத்துவது அந்த முதல் இரண்டு ஜோடிகளில்தான். "உனக்கு 1,000 தெரியுமா?" "தெரியும்." உடனே நான்கு ஜோடியிலும் இறங்குவார்கள். மீதி இரண்டு ஜோடி அங்கே இல்லை. லைன் விழும், மறுபடி பேசுவார்கள், மறுபடி விழும். சில கருவிகள் தாமாக 100க்கு இறங்கிவிடும், சில இறங்காது. பச்சை விளக்கு வந்து வந்து போனால் வயரைக் குறை சொல்லாமல், கணினியின் நெட்வொர்க் அமைப்பில் வேகத்தை 100 என்று நிலைநிறுத்திப் பாருங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): அண்ணா, இங்கே வாங்கிய வீட்டில் ஒவ்வோர் அறையிலும் தொலைபேசி சாக்கெட். வயர் கேட்-5இ தான். ஆனால் நிலவறையில் எல்லா வயர்களின் நீல ஜோடியையும் ஒன்றாக முறுக்கி, பசை நிரம்பிய சிறு கொண்டைகளில் அழுத்தி வைத்திருக்கிறார்கள். அப்படியே பயன்படுத்தலாமா?

அப்படியே ஆகாது, ஆனால் உங்களுக்குத்தான் மிகச் சுலபம். தொலைபேசிக்கு எல்லா அறையும் ஒரே லைனில் தொங்கலாம். ஈத்தர்நெட்டுக்கு ஒரு கேபிளின் ஒரு முனையில் ஒருவர், மறுமுனையில் ஒருவர், அவ்வளவுதான். எல்லா வயர்களும் நிலவறையில் வந்து கூடுகின்றன என்றால் அந்தக் கொண்டைகளை வெட்டிவிட்டு, ஒவ்வொரு கேபிளையும் வரிசையாகச் சாக்கெட் உள்ள பேட்ச் பேனலில் முடித்து, பல கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியில் செருகுங்கள். அறைகளில் ஆர்ஜே-11 என்னும் தொலைபேசி சாக்கெட்டைக் கழற்றி ஆர்ஜே-45 போடுங்கள். 1,000 மெகாபிட் கிடைக்கும். பெரும்பாலும் 2,500ஐயும் அந்தக் கேபிள் தாங்கும்.

வெட்டும் முன் ஒரு சோதனை. ஓர் அறையின் பெட்டியைத் திறந்து, எத்தனை கேபிள் உள்ளே வருகிறது என்று பாருங்கள். ஒன்று என்றால் நான் சொன்னபடி செய்யலாம். இரண்டு என்றால் அது சங்கிலி. இந்த அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகிறது. அங்கே இரண்டுக்கும் தனித்தனி சாக்கெட் போட்டு, நடுவில் ஐந்து துளை சுவிட்ச் ஒன்றை வையுங்கள். அந்த அறையில் கருவி எதுவும் இல்லையென்றால் இரு சாக்கெட்டையும் ஒரு குட்டிக் கேபிளால் இணைத்தால் போதும்.

கேள்வி (கோயம்புத்தூர்): எலக்ட்ரீஷியன் மின்சார வயர் போகும் குழாயிலேயே லேன் கேபிளையும் விட்டுவிடலாம் என்கிறார்.

வேண்டாம். அந்த 230 வோல்ட் வயரின் உறை எங்காவது உரசித் தேய்ந்தால் மின்சாரம் உங்கள் ரௌட்டருக்கும், அதைத் தொடுகிற கைக்கும் வரும். வேறு எலக்ட்ரீஷியன் கிடைப்பார்.

கேள்வி (திருச்சி): பழைய வயரை உருவிவிட்டுப் புது கேட்-6 நானே இழுத்தேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகின்றன. ஆனாலும் வேகம் 10, 20 மெகாபிட்டுக்கு மேல் வரவில்லை, இடையிடையே அறுந்தும் போகிறது. கேபிள் போலியா?

கேபிளைச் சந்தேகிக்கும் முன் ஒன்று கேட்கிறேன். வண்ணங்களை எப்படி அடுக்கினீர்கள்? வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம் என்று ஜோடி ஜோடியாக, அழகாக? இரு முனையிலும் ஒரே மாதிரி? அப்படித்தான் செய்திருப்பீர்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், அதுதான் பிழை.

சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து, நீல ஜோடியை நடுவில் வைத்து இருபுறமும் நிற்பதைக் கவனியுங்கள். கருவி 3, 6 ஊசிகளை ஒரு ஜோடியாக நினைக்கிறது. உங்கள் கேபிளில் 3இல் பச்சை ஜோடியின் ஒரு கம்பி, 6இல் நீல ஜோடியின் ஒரு கம்பி. இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்படவே இல்லை. மேலே சொன்ன இரைச்சல் கழிவு அங்கே நடக்காது. விளக்கு டெஸ்டருக்கு இது தெரியாது. அது கம்பி இங்கிருந்து அங்கே போகிறதா என்று மட்டும் பார்க்கும்; யாரோடு முறுக்கிக்கொண்டு போனது என்று கேட்காது.

இந்தக் கோணல் வரிசை ஏன் வந்தது என்பதில் எங்கள் தொழிலுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தொலைபேசிச் செருகியில் லைன் எப்போதும் நடு இரண்டு ஊசிகளில் வரும். ஆர்ஜே-45இன் நடு இரண்டு 4, 5. அங்கே நீல ஜோடி. 10 மெகாபிட் ஈத்தர்நெட்டை அலுவலகத் தொலைபேசி வயரில் ஓட்டத் திட்டமிட்டபோது அந்த நடு ஜோடியை அப்படியே விட்டுவிட்டு, 1, 2, 3, 6ஐ எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் வீட்டில் செய்ய நினைப்பதை அவர்கள் 1990லேயே தரமாக எழுதிவிட்டார்கள்.

இரு முனையையும் வெட்டி மறுபடி போடுங்கள். முனையில் முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம், அதாவது சுண்டுவிரல் நக அகலம்.

கேள்வி (சேலம்): 300 மெகாபிட் திட்டம் வைத்திருக்கிறேன். கேபிளில் எப்போது பார்த்தாலும் 94தான் வருகிறது.

94 என்பது வாக்குமூலம். 100 மெகாபிட் இணைப்பில் தரவோடு கூடவே போகும் முகவரித் தகவலின் செலவு போக மிஞ்சுவது அவ்வளவுதான். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி சரியாக அழுந்தவில்லை, அல்லது இடையில் ஏதோ ஒரு கருவி 100 மட்டும் தெரிந்தது. முதலில் இரு முனைச் சாக்கெட்டுகளையும் மறுபடி அழுத்துங்கள்.

கேள்வி (கும்பகோணம்): அப்பாவுக்கு எண்பது வயது. கைபேசி பிடிக்காது, பழைய தொலைபேசிதான் வேண்டும். இணையத்துக்காக அவருடைய போனைப் பிடுங்க மனமில்லை.

பிடுங்க வேண்டாம். இப்போது கண்ணாடி இழை இணைப்பு எடுத்திருந்தால் நிறுவனம் வைத்த பெட்டியின் பின்னால் பெரும்பாலும் ஒரு தொலைபேசித் துளை இருக்கும். வெளியிலிருந்து வரும் பழைய லைனை முழுவதுமாகத் துண்டித்துவிட்டு, அந்தத் துளையிலிருந்து வீட்டுப் பழைய வயருக்கு ஓர் இணைப்பு கொடுங்கள். குரல் சேவையை நிறுவனத்திடம் கேட்டு இயக்கச் சொல்லுங்கள். அப்பாவின் போன் அதே இடத்தில், அதே மணியோடு அடிக்கும். இணையத்துக்கு வேறு வழி பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம். மின்சாரம் போனால் இந்தப் போனும் போய்விடும், பழைய லைனைப் போல நிலையத்திலிருந்து மின்சாரம் வராது. பெட்டிக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துவிடுங்கள். நடு இரவில் அவர் ரிசீவரைத் தூக்கிப் பார்க்க நேரலாம்.

கேள்வி (வெள்ளவத்தை, கொழும்பு): வாடகை மாடிவீடு. சுவரில் கை வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஒரே ஒரு ஜோடி தொலைபேசி வயர் அறைக்கு அறை ஓடுகிறது.

ஒரு ஜோடிக்கும் வழி இருக்கிறது. தொலைபேசி வயருக்கென்றே ஜி.எச்.என் தொழில்நுட்பத்தில் இணைப்பான் பெட்டிகள் கிடைக்கின்றன. இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. நல்ல வயரில் சில நூறு மெகாபிட் தரும், விலைதான் கொஞ்சம் கடிக்கும். இடையில் தொங்கும் தேவையற்ற கிளை வயர்களைச் சாக்கெட்டில் கழற்றி விடுங்கள். கிளை முனையில் சமிக்ஞை மோதித் திரும்பி வேகத்தைக் குடிக்கும். வீட்டை விட்டுப் போகும்போது பெட்டிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

கேள்வி (ஈரோடு): கடையில் ஒரே நீளத்துக்கு இரண்டு விலை சொல்கிறார்கள். மலிவான கேபிள் போதாதா?

மலிவானது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கம்பி முனையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு முறை வளைத்தால் ஒடியும். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் கொடுத்தால் சூடாகும். தரமான கேபிள் என்பதன் வரையறைக்குள்ளேயே அது வராது.

கேள்வி (தென்காசி): தோட்டத்தின் மறுபுறம் அண்ணன் வீடு, அறுபது மீட்டர் இருக்கும். மாமரத்தின் மேல் கட்டி கேபிள் கொண்டுபோகலாமா?

100 மீட்டருக்குள் இருப்பதால் தூரம் பிரச்சினை இல்லை. இடிதான் பிரச்சினை. மரத்தில் விழ வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் விழுந்தாலே நீளமான செம்பில் மின்னழுத்தம் ஏறி இரண்டு வீட்டுக் கருவிகளையும் கொண்டுபோகும். லைன் வேலை பார்த்த நாட்களில் ஐப்பசி மழைக்கு மறுநாள் கருகிய போன்களைக் கூடையில் அள்ளியிருக்கிறோம். இரு வீட்டுக்கும் இடையில் கண்ணாடி இழை போடுங்கள். அதில் மின்சாரம் ஏறாது.

கேள்வி (மறுபடி அண்ணா நகர்): ஐயா, நீங்கள் சொன்னபடி திறந்து பார்த்தேன். இரண்டு ஜோடி வயர்தான். ஆனால் குழாய்க்குள் ஓடுகிறது! ஆட்டிப் பார்த்ததில் ஒரு முழம் வெளியே வந்துவிட்டது. மிச்சத்தையும் உருவிவிடட்டுமா?

நிறுத்துங்கள்! அந்த வயர்தான் உங்கள் கயிறு. அதை உருவிவிட்டால் குழாய்க்குள் வேறு எதையும் விடப் பெரும்பாடு படுவீர்கள். கேட்-6 கேபிளின் உறையை நான்கு விரல் அளவுக்கு உரித்து, உள்ளே உள்ள கம்பிகளைப் பழைய வயரோடு கொக்கி போட்டு முறுக்குங்கள். கூடவே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்துக் கட்டுங்கள், அடுத்த முறைக்கு ஆகும். மேலே இன்சுலேஷன் டேப்பை முனை கூராக வரும்படி வழவழப்பாகச் சுற்றி, முகப்பவுடரைத் தடவிவிடுங்கள். எண்ணெய் வேண்டாம். ஒருவர் இந்தப் பக்கம் தள்ள, ஒருவர் அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். தள்ளுபவர் குரல் கொடுத்த பிறகே இழுப்பவர் இழுக்கட்டும். முழங்கை வளைவில் சிக்கினால் முரட்டுத்தனம் கூடாது. ஒரு சாண் பின்னால் வாங்கி, வயரைக் கொஞ்சம் திருகிவிட்டு மறுபடி இழுங்கள். பதினொரு கிலோ பலத்துக்கு மேல் அந்தக் கேபிள் தாங்காது. மறுமுனையில் டேப் சுற்றிய மூக்கு எட்டிப் பார்த்ததும், ஒரு முழம் கூடுதலாக இழுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு பழைய வயரை வெட்டிவிடுங்கள்.