47 பதில்களும் நம்ம ஊர்ப் பிள்ளைகள்: டப்ளின் ஆய்வேட்டைக் காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி: டப்ளினில் எம்.எஸ்சி. மார்க்கெட்டிங் படிக்கிறேன். 'ஐரிஷ் நுகர்வோரின் வாங்கும் முடிவில் சமூக ஊடக விளம்பரத்தின் தாக்கம்' என்பது ஆய்வேட்டின் தலைப்பு. கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். 47 பதில்கள் வந்தன, எல்லாருமே இந்திய மாணவர்கள். 'இது ஐரிஷ் நுகர்வோர் பற்றிய ஆய்வே இல்லை' என்கிறார் சூப்பர்வைசர். சமர்ப்பிக்க 8 வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சூப்பர்வைசர் சொல்வது சரி. எண்ணிக்கையும் போதாது. விளம்பரத்தின் மூன்று அம்சங்களை வைத்து ரெக்ரெஷன் (எந்த அம்சம் முடிவை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட்டால், நடுத்தர அளவுத் தாக்கத்தை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கவே 77 பேர் வேண்டும். ஐந்து அம்சம் என்றால் 92. அதற்காக அதே குழுக்களில் இன்னும் 200 பேரைச் சேர்த்தும் பயனில்லை. வருகிறவர்கள் அதே இந்திய மாணவர்களாகத்தான் இருப்பார்கள்.

தலைப்பை 'டப்ளினில் படிக்கும் இந்திய மாணவர்கள்' என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். அப்படியே மாற்ற முடியாது. அந்த 47 பேர் ஒப்புதல் தந்தது வேறு ஆய்வுக்கு. கல்லூரியில் ஆய்வு நெறிகளைச் சரிபார்க்கும் எத்திக்ஸ் குழு அனுமதித்ததும் அந்த ஆய்வைத்தான். திருத்திய அனுமதி வாங்கி, புது ஃபார்ம் அனுப்பி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எப்படியும் அனுமதியைத் திருத்தத்தான் வேண்டும் என்றால், ஆய்வுக் கேள்வியை, வாங்குகிறவரிடமிருந்து விற்கிறவர் பக்கம் திருப்புங்கள்: 'டப்ளினில் 10 பேருக்கும் குறைவானவர்கள் வேலை பார்க்கும் தனிக் கஃபேக்கள், இன்ஸ்டாகிராமில் எதைப் போடுவது என்று எப்படி முடிவு செய்கின்றன?' இதுவரை எழுதிய இலக்கிய மீளாய்வில் பெரும்பகுதி அப்படியே உதவும். ஆய்வு ஏன் தேவை என்பதற்கும் வலுவான காரணம் இருக்கிறது. அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் நிறுவனங்களின் டிஜிட்டல் பயன்பாட்டைப் பற்றி எடுக்கும் கணக்கெடுப்பில் 10 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள்தான் வரும். நாலு பேர் நடத்தும் கஃபே அந்தக் கணக்கில் இல்லை.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள்: 'இன்ஸ்டாகிராமால் விற்பனை கூடியதா?' என்ற கேள்வி. கம்பெனிப் பதிவு அலுவலகத்தில் கணக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று நினைப்பீர்கள். சிறு கம்பெனிகள் அங்கே பெரும்பாலும் சுருக்கக் கணக்குதான் தாக்கல் செய்யும். இருப்புநிலைக் குறிப்பு இருக்கும், விற்பனைத் தொகை இருக்காது. தனிநபர் வணிகம் என்றால் கணக்கே கிடைக்காது, பதிவான பெயர் மட்டும்தான்.

தரவு இரண்டு வழியில் வரட்டும். முதலாவது, இன்ஸ்டாகிராம் பதிவுகள். 10 கஃபேக்கள், ஒவ்வொன்றிலும் கடைசி 30 பதிவுகள், மொத்தம் 300. தேதி, படமா ரீலா, அதில் இருப்பது உணவா ஆளா இடமா, விலையோ சலுகையோ உண்டா, எத்தனை கமெண்ட் என்று எக்செலில் ஏற்றுங்கள். ஒரு வாரத்துக்குள் போட்டவற்றை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு இன்னும் கமெண்ட் வந்துகொண்டிருக்கும். லைக்கை நம்ப வேண்டாம். சில கணக்குகள் எண்ணிக்கையை மறைத்து வைக்கின்றன. எந்தப் பதிவை எந்த வகையில் சேர்ப்பது என்ற விளக்கங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இதில் 60 பதிவுகளை வகுப்புத் தோழர் ஒருவர் அந்தக் குறிப்பேட்டை மட்டும் வைத்துத் தனியாக வகைப்படுத்தட்டும். இருவரின் வகைப்படுத்தலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோஹென் கப்பா என்ற அளவு 0.6-க்குக் கீழே வந்தால் குறிப்பேட்டில் விளக்கம் தெளிவாக இல்லை என்று அர்த்தம். திருத்திவிட்டு மறுபடி செய்யுங்கள்.

இரண்டாவது, உரிமையாளர்கள் எட்டுப் பேரிடம் அரை மணி நேரப் பேட்டி. மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் இந்த எட்டு வாரமும் அதிலேயே போய்விடும். செவ்வாய், புதன் மாதிரி நாளில் மதிய உணவுக் கூட்டம் கலைந்த பிறகு, மூன்று மணிவாக்கில் நேரே போங்கள். ஒரு காபி வாங்குங்கள். ஒரு பக்கத் தகவல் தாளைக் கையில் கொடுங்கள். 'கிராண்ட் (சரி), எப்ப வேணா வாங்க' என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். அங்கேயே நின்று தேதியும் மணியும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வேண்டுமானால் இருபத்தைந்து கடையாவது ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஸ்டாம்ப் 2 என்ற மாணவர் அனுமதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பதால் ஷிஃப்டை நிரப்பி வைத்திருப்பீர்கள். வாரத்தில் இரண்டு மதியங்களை இதற்கு ஒதுக்குங்கள். நீங்கள் வேலை பார்க்கும் கடை மட்டும் வேண்டாம். முதலாளி உங்களிடம் மனம் விட்டுப் பேச மாட்டார்.

'சமூக ஊடகம் உங்களுக்கு உதவுகிறதா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். அதற்குப் பதிலாக, 'கடைசியாகப் போட்ட பதிவைப் போனில் காட்டுங்கள்' என்று தொடங்குங்கள். யார் எடுத்த படம், எத்தனை மணிக்கு, போடும்போது எந்த வாடிக்கையாளரை நினைத்தீர்கள், அதற்கு முன்பு எடுத்து அழித்த படம் எது? ஆய்வுக்கு வேண்டிய சரக்கு இந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

ஒரு மணி நேரப் பேட்டியின் ஒலிப்பதிவைக் கையால் எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும். கல்லூரிக் கணக்கில் உள்ள மைக்ரோசாஃப்ட் டீம்ஸை வைத்து எழுத்தாக்கி, காதால் கேட்டுத் திருத்துங்கள். ஐரிஷ் ஊர்ப்பெயர்களில் அது கட்டாயம் தடுமாறும். இலவச இணையதளங்களில் ஒலிக்கோப்பை ஏற்ற வேண்டாம். ஜி.டி.பி.ஆர். என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படியும் உங்கள் எத்திக்ஸ் அனுமதிப்படியும் அது மீறலாகிவிடலாம். கஃபேயின் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. 'கால்வாயோரம் உள்ள ஒரே வீகன் கடை' என்று எழுதினால் டப்ளின்காரர் யாரும் கண்டுபிடித்துவிடுவார்.

சூப்பர்வைசருக்கு இன்றே மெயில் அனுப்புங்கள். புதுக் கேள்வி ஒரு வரி, தரவு எங்கிருந்து என்று இரண்டு வரி, திருத்திய தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் இணைப்பில். எத்திக்ஸ் திருத்தத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்றும் அதிலேயே கேளுங்கள், அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். காத்திருக்கும் நாட்களில் குறிப்பேட்டைத் தயார் செய்து, எந்தப் 10 கஃபே என்று முடிவு செய்யுங்கள். அனுமதி கையில் கிடைக்கும்வரை யாரிடமும் பேட்டி எடுக்க வேண்டாம். முன்கூட்டியே எடுத்த பேட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள்.