மொனாக்கோவில் முகவரி, மியூனிக்கில் படுக்கை

கேள்வி: ஐரோப்பிய டென்னிஸ் வீரர்களும் கார் பந்தய வீரர்களும் வருமான வரிக்குத் தப்புவதற்காக மொனாக்கோவில் குடியேறுகிறார்களாமே, அங்கே போய்விட்டால் உண்மையிலேயே வரி கிடையாதா? அப்படியானால் நம் கிரிக்கெட் வீரர்கள் ஏன் துபாய்க்குப் போவதில்லை?

பதில்:

போனால் வரி குறையும் என்பது உண்மை. வரியே இராது என்பது உண்மையில்லை. தூத்துக்குடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வருமான வரிக் கணக்கு பார்த்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் கப்பல் பணியாளர்கள் என்பதால், ‘இவர் எந்த நாட்டில் குடியிருப்பவர்’ என்பது நான் அன்றாடம் புழங்கும் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து இரண்டாம் பொறியாளர் ஒருவர் அழைத்து, “அண்ணாச்சி, 28-ஆம் தேதி இறங்கச் சொல்றாங்க, நாலு நாள் தள்ளி இறங்கட்டுமா?” என்று கேட்டார். அந்த நிதியாண்டில் அவர் ஏற்கெனவே 180 நாள் ஊரில் இருந்துவிட்டார். 28-ஆம் தேதியே வந்தால் எண்ணிக்கை 182-ஐத் தாண்டி, கப்பல் சம்பளம் முழுவதும் இந்திய வரிக்குள் வந்துவிடும். அவர் ஏப்ரல் 1 அன்று இறங்கினார். 30-ஆம் தேதி நடந்த அக்கா மகளின் காதுகுத்துக்கு அவரால் வர முடியவில்லை. சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. மொனாக்கோவுக்குப் போகும் கோடீஸ்வர வீரர் போடுவதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். ஆனால் ஐரோப்பாவில் அந்தக் கணக்கு நாட்களை எண்ணுவதோடு முடிவதில்லை.

முதலில் மொனாக்கோ. சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தச் சிற்றரசில், சூதாட்ட விடுதியின் வருவாய் கஜானாவை நிரப்பியதால், 1869-இல் மூன்றாம் சார்லஸ் இளவரசர் வருமான வரியையே நீக்கினார். அன்றிலிருந்து தனிமனித வருமானத்துக்கு அங்கே வரி இல்லை. குடியிருப்பு உரிமை பெற வீட்டு வாடகைப் பத்திரம் அல்லது உரிமைப் பத்திரமும், செலவுக்குப் போதிய பணம் இருக்கிறது என்று வங்கி தரும் கடிதமும் வேண்டும். 1970-களில் சுவீடனின் பியோர்ன் போர்க் அங்கே போனார். பின்னாளில் நோவாக் ஜோகோவிச், டானில் மெட்வெடேவ், யானிக் சின்னர் என்று பட்டியல் நீண்டது. ஒரு வேடிக்கை என்னவென்றால், இவர்கள் பயிற்சி செய்யும் புகழ்பெற்ற மாண்டே கார்லோ கன்ட்ரி கிளப் மொனாக்கோவுக்குள் இல்லை. எல்லையைத் தாண்டி, ரோக்புருன் காப் மார்ட்டின் என்ற பிரெஞ்சு ஊரில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் இந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. தம் குடிமக்கள் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு வரி கட்டாதிருப்பதைப் பொறுக்காத பிரெஞ்சு அதிபர் தெகோலின் அரசு, 1962 அக்டோபரில் மொனாக்கோ எல்லையில் சுங்க அதிகாரிகளை நிறுத்தி நெருக்கியது. மறு ஆண்டு கையெழுத்தான உடன்படிக்கையின்படி, மொனாக்கோவில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள், அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே வசித்தவர்கள் நீங்கலாக, பிரான்சுக்கே வரி கட்ட வேண்டும். ஜோ வில்ஃபிரெட் சோங்கா, ரிச்சர்ட் காஸ்கே போன்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரர்கள் சுவிட்சர்லாந்தைத் தேடிப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கே வேலை செய்து சம்பாதிக்காத அயல்நாட்டுப் பணக்காரர்களுக்கு, வருமானத்தைப் பார்க்காமல் வாழ்க்கைச் செலவைப் பார்த்து ஒரு மொத்தத் தொகையை வரியாக விதிக்கும் முறை உண்டு. சூரிக் மாநில மக்கள் 2009-இல் வாக்களித்து அதை ஒழித்தார்கள். 2014-இல் நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் அதை வைத்துக்கொள்ளவே விரும்பினார்கள். சுவிஸ் குடிமகனான ரோஜர் ஃபெடரருக்கு இந்தச் சலுகை கிடையாது.

இப்படிக் குடிபெயர்ந்தவருக்கு மிச்சமாவது எது என்று பார்க்க வேண்டும். பரிசுப் பணம் மிச்சமாவதில்லை. விளையாட்டு வீரர் எங்கே விளையாடுகிறாரோ அந்த நாடு வரி வசூலிக்கலாம் என்பது பெரும்பாலான வரி ஒப்பந்தங்களில் ஏற்கப்பட்ட விதி. விம்பிள்டனில் வென்றவர் மொனாக்கோவாசியாக இருந்தாலும், அந்தப் பரிசின் உயர்ந்த அடுக்குக்கு 45 விழுக்காடு வரை பிரிட்டனுக்குக் கட்டியாக வேண்டும். மிச்சமாவது பெரும்பாலும் காலணி, கைக்கடிகாரம், மட்டை நிறுவனங்கள் தரும் விளம்பரப் பணம். முன்னணி வீரர்களில் பலருக்குப் பரிசைவிட அதுவே பெரிது என்பதால்தான் இத்தனை இடப்பெயர்வும்.

பிரிட்டன் அந்த விளம்பரப் பணத்தையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆண்ட்ரே அகாசிக்கு நைக்கி, ஹெட் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் கொடுத்த பணம் பிரிட்டனுக்கு வெளியே உள்ள நிறுவனங்களிடமிருந்து, பிரிட்டனுக்கு வெளியே இருந்த அவருடைய நிறுவனத்துக்குத்தான் போயிற்று. ஆனாலும் அவர் பிரிட்டனில் ஆடிய நாட்களுக்கு உரிய பங்குக்கு வரி உண்டு என்று 2006-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வழக்குக்குக் காரணமான தொகை ஏறத்தாழ 27,500 பவுண்டுதான், விளைவு பெரிது. ஓர் ஓட்டத்துக்கு லண்டன் போனால், கிடைக்கும் ஊதியத்தைவிட உலக விளம்பர வருமானத்தின் மீது விழும் வரி அதிகமாகிவிடும் என்ற நிலை வந்தது. உசைன் போல்ட் 2010-இல் லண்டன் போட்டிக்கு வர மறுத்துவிட்டார். 2012 ஒலிம்பிக்கில் அவர் அங்கே ஓடினார் என்றால், அயல்நாட்டு வீரர்களுக்குத் தனிச் சட்டத்தால் வரிவிலக்கு கொடுத்திருந்தார்கள். போட்டியை நடத்த ஆசைப்படும் நாடு, வரி விதிக்கும் உரிமையைத் தானே விட்டுக்கொடுக்கிறது. எனக்கு இது தனிநபர் குடிபெயர்வதைவிட உறுத்தலான விஷயம். ஆனால் இதைப் பற்றி யாரும் கோபப்படுவதில்லை.

மாட்டிக்கொள்பவர்கள் யார் என்றால், முழுதாகப் போகாதவர்கள்தான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றவர்கள். 1985-இல் 17 வயதில் விம்பிள்டனை வென்ற போரிஸ் பெக்கர், 1991 முதல் 1993 வரை மொனாக்கோவையே தம் குடியிருப்பாகக் காட்டினார். ஆனால் மியூனிக்கில் அவருடைய சகோதரியின் வீட்டில் அவருக்கென்று தங்க ஓர் இடம் இருந்தது. நம் ஊர்க் கணக்கில் இது பெரிய விஷயமாகத் தோன்றாது. தம்பி வந்தால் அக்கா வீட்டில் தங்காமல் விடுதியிலா தங்குவார் என்று கேட்போம். ஜெர்மன் சட்டமோ நாட்களை எண்ணுவதற்கு முன்பே வேறொன்றைக் கேட்கிறது: தங்குவதற்குத் தோதான இடம் ஒன்று ஒருவர் வசம் இருந்து, அதை அவர் தொடர்ந்து வைத்திருந்து பயன்படுத்துவார் என்று சூழ்நிலை காட்டினால், அவர் ஜெர்மனியில் குடியிருப்பவர், உலகில் எங்கே சம்பாதித்தாலும் ஜெர்மனிக்கு வரி கட்ட வேண்டும். 2002 அக்டோபரில் மியூனிக் நீதிமன்றம் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அரசுத் தரப்பு கேட்டது மூன்றரை ஆண்டு. ஊரைவிட்டுப் போகாதவர்கள் எல்லாரும் ஒழுங்கானவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியிலேயே இருந்த ஸ்டெஃபி கிராஃபின் தந்தை, மகளின் வருமானத்தில் வரி ஏய்ப்பு செய்ததற்காக 1997-இல் மூன்றே முக்கால் ஆண்டுத் தண்டனை பெற்றார்.

ஸ்பெயினின் டென்னிஸ் வீராங்கனை அரஞ்சா சாஞ்சஸ் விகாரியோவும், அந்நாட்டை ஒட்டிய சிறு நாடான அன்டோராவில் வசிப்பதாகக் கணக்குக் காட்டினார். அவர் வாழ்ந்தது பார்சிலோனாவில்தான் என்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2009-இல் உறுதி செய்தது. மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் வாலன்டினோ ரோசி லண்டன்வாசி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இத்தாலிய வரித்துறை விடவில்லை, 2008-இல் 35 மில்லியன் யூரோ கொடுத்து முடித்துக்கொண்டார். அமெரிக்கர்களுக்கு இந்த வழியே இல்லை, ஏனென்றால் அந்த நாடு குடியுரிமையைப் பிடித்துக்கொண்டு வரி கேட்கிறது. அவர்கள் கலிஃபோர்னியாவிலிருந்து மாநில வருமான வரி இல்லாத ஃபுளோரிடாவுக்கும் டெக்ஸஸுக்கும் போவதோடு சரி.

இப்படிப் போவது நியாயமா என்று யாராவது கேட்டால், என் பதில் கொஞ்சம் வீரர் பக்கம் சாயும். 1970-களின் பிற்பகுதியில் பிரிட்டனில் உழைத்துச் சம்பாதித்த வருமானத்தின் மேலடுக்குக்கு 83 விழுக்காடு, முதலீட்டு வருமானத்துக்கு 98 விழுக்காடு வரி இருந்தது. அந்தக் காலத்தில் ஓடியவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வங்கி அதிகாரி முப்பத்தைந்து ஆண்டுகளில் சம்பாதிப்பதை வீரர் பத்து ஆண்டுகளில் சம்பாதித்து, அந்தப் பத்து ஆண்டும் உச்ச விகிதத்தில் வரி கட்டுகிறார் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அரசு செலவிட்டுக் கட்டிய மைதானத்தில் பந்து பொறுக்கி வளர்ந்தவர், பணம் வரத் தொடங்கிய ஆண்டிலேயே பெட்டியைக் கட்டுவது அந்த ஊர்க்காரருக்கு உறுத்தத்தான் செய்யும். அயர்லாந்து கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது: 2002 முதல் அங்கே ஒரு விளையாட்டு வீரர் ஓய்வு பெறும்போது, கடந்த காலத்தில் பத்து ஆண்டுகள் வரைக்கான விளையாட்டு வருமானத்தில் 40 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டு, கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். விளம்பரப் பணம் இதில் சேராது. குறுகிய ஆட்டக்காலத்துக்குச் சலுகை உண்டு, விளம்பரத்தில் நடித்ததற்கு இல்லை என்ற இந்தப் பிரிப்பு மிகவும் சரியானது.

நம் கிரிக்கெட் வீரர்களின் கதை வேறு. துபாயில் தனிமனித வருமான வரி இல்லை என்பது சரிதான். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் தருவது இந்தியக் கிரிக்கெட் வாரியம், ஐபிஎல் அணிகள். விளம்பரம் தருபவையும் பெரும்பாலும் இந்தியச் சந்தைக்காகத் தருபவை. இந்தியாவில் ஈட்டிய வருமானத்துக்கு, ஈட்டியவர் எங்கே தூங்கினாலும், இந்தியா வரி பிடிக்கும். ஐபிஎல்லில் ஆட வரும் அயல்நாட்டு வீரருக்கே 20 விழுக்காடும் அதன் மேல் கூடுதல் வரியும் உண்டு. என் இரண்டாம் பொறியாளருக்குச் சம்பளம் தந்தது வெளிநாட்டுக் கம்பெனி, வேலை செய்தது நடுக்கடலில். அதனால்தான் அந்த நாலு நாளுக்கு மதிப்பு இருந்தது. சேப்பாக்கத்தில் ஆடிச் சம்பாதிப்பவருக்கு துபாயில் வீடு எடுத்தால் வாடகைதான் மிஞ்சும்.