ஊர் ஏன் எதிர்க்கிறது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊராட்சியில் சந்தைக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையம் வரப்போகிறது. நாற்றம் வரும் என்று ஊரே எதிர்க்கிறது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த கன்னியாகுமரி மாவட்டம் இது. இங்கேயே அறிவியல் எடுபடவில்லை என்றால் வேறு எங்கே எடுபடும்?

ஒரு வாசகர், தக்கலை அருகே

அன்புள்ள நண்பருக்கு,

அந்த நிலையம் வரவேண்டும் என்பதே என் ஆசையும். ஆனால் உங்கள் ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கோபர் கேஸ் என்னும் சாண எரிவாயு நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. மத்திய அரசின் திட்டம் 1981-82லேயே தொடங்கிவிட்டது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள மேம்பாட்டுப் பிரிவு பல காலமாக இதில் உழைக்கிறது. 2006ல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருதும் பெற்றது. சமையலறைக் கழிவில் ஓடும் ‘சக்தி சுரபி’ அவர்கள் உருவாக்கியதுதான்.

அப்புறம் ஏன் தயக்கம்? சாணத்தை நொதிக்கவைத்து வாயு எடுக்கும் 2 கனமீட்டர் கலத்துக்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும், அதாவது நாலைந்து மாடு. நம்மூரில் வயல் போய் ரப்பரும் வாழையும் வந்தபோது தொழுவங்களும் காலியாகின. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு கலத்தை ஓட்ட முடியுமா? தினமும் சாணம் கரைத்து ஊற்றியது வீட்டுப் பெண்கள். அடுப்பு எரியாமல் போனபோது திட்டம் தந்தவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கொல்லையில் வெறும் கலம் கிடக்கும் வீட்டு அம்மாவிடம் மறுபடியும் ‘கேஸ் வரும்’ என்றால் அவர் எப்படி நம்புவார்?

நாற்றத்துக்கும் வருகிறேன். காற்றுப் புகாத கலத்துக்குள் நொதிக்கும்வரை பிரச்சினை இல்லை. தகராறெல்லாம் வாசலில்தான். மீன் குடலும் வாழைத்தண்டும் பிளாஸ்டிக் பையும் ஒரே வண்டியில் வந்து இறங்கும். தரம் பிரிக்கிறவர் இரண்டு நாள் வராவிட்டால் புழு நெளியும். நாகர்கோவில் வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கின் புகையைச் சுவாசித்த மாவட்டத்தில், ‘நாற்றமே இருக்காது’ என்று அதிகாரி சொன்னால் ஜனங்கள் நம்பத் தயங்குவது நியாயம்தான்.

ஆனால் ரப்பர் ஷீட் அடிக்கும் வீடுகளைப் பாருங்கள். ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் அழுத்தும்போது வடியும் தண்ணீர் குழியில் தேங்கி நாறும். பக்கத்து வீட்டோடு சண்டை வரும். அந்தத் தண்ணீரிலிருந்தும் எரிவாயு எடுக்கலாம் என்று ரப்பர் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் செய்து காட்டியிருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை, ‘எவ்வளவு செலவாகும்?’ என்றுதான் கேட்கிறார்கள். கழிவும் அவர்களுடையது, நெருப்பும் அவர்களுடையது. சந்தை நிலையத்தில் கழிவு மட்டும் ஊருக்கு வருகிறது. கேஸ் யாருக்குப் போகும் என்று எவரும் சொல்வதில்லை.

ஆகவே அறிவியல் வகுப்பு எடுக்காதீர்கள். ஒப்பந்தக்காரரின் காலம் முடிந்த பிறகு யார் ஓட்டுவார்கள், தரம் பிரிக்கிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும், கேஸ் அங்கன்வாடி அடுப்புக்குப் போகுமா, நொதித்தபின் மிஞ்சும் கரைசல் உரமாகப் பக்கத்து வாழைத்தோட்டத்துக்குக் கிடைக்குமா, நிலையம் நின்றுபோனால் அன்றைய வண்டியை எங்கே திருப்புவார்கள் என்று கிராம சபையில் கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும். தூய்மைப் பணியாளர்களும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுத்தில் பதில் தர மறுத்தால், எதிர்ப்பவர்களோடு நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.