ஈஸி மோட் எங்கே?

கேள்வி: ‘எல்டன் ரிங்’ வீடியோ கேம் வாங்கினேன். கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்ற எதிரியிடம் மட்டும் 30 தடவை செத்துவிட்டேன். ஆட்டத்தைச் சுலபமாக்கும் ஒரு ஈஸி மோட் வைத்திருந்தால் இன்னும் லட்சக்கணக்கான பேர் வாங்குவார்களே! இவர்களுக்கு வியாபாரமே தெரியாதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: தெரியாமலா 2022 பிப்ரவரியில் வெளியிட்டு, மூன்று வாரம் முடிவதற்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகளை விற்றார்கள்? பிறகு நீங்களும் வாங்கியிருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் சந்தேகம் பெரிய இடத்திலும் இருந்தது. ‘எல்டன் ரிங்’கை உருவாக்கிய இதே ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2009இல் சோனிக்காக ‘டீமன்ஸ் சோல்ஸ்’ செய்துகொடுத்தது. சோனியின் கேம் ஸ்டூடியோக்களுக்குத் தலைவராக இருந்த ஷூஹேய் யோஷிதா ஆடிப் பார்த்தார். ஆரம்பக் கட்டத்தையே தாண்ட முடியவில்லை. குப்பை என்று ஒதுக்கிவிட்டார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியிட சோனி முன்வரவில்லை. அமெரிக்காவில் அட்லஸ் என்ற வேறொரு நிறுவனம் எடுத்து வெளியிட்டது, ஆட்டம் வாய்வழியாகவே பரவியது. தவறு செய்துவிட்டோம் என்று யோஷிதாவே பின்னால் ஒப்புக்கொண்டார்.

அந்த ஆட்டத்துக்கும் ‘எல்டன் ரிங்’குக்கும் நடுவில், இரண்டையும் இயக்கிய மியாசாகி எதிரிகளின் கையைக் கட்டிப்போடவில்லை. உங்களைத்தான் அவிழ்த்துவிட்டார். மார்கிட்டை இப்போதே அடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குதிரையைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போகலாம், பலம் ஏற்றிக்கொண்டு வரலாம், ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம், முன்பின் தெரியாத இன்னொரு ஆட்டக்காரரையும் கூப்பிடலாம். நீங்கள் மெனுவில் தேடும் ஈஸி மோட் வரைபடத்தில் கிடக்கிறது ஐயா. (கை சரிவர இயங்காதவர்கள் இதே கேள்வியைக் கேட்டால் என்னிடம் இந்த வாய்த்துடுக்கு இருக்காது. அவர்கள் கேட்பது நியாயம்.)

எல்லோரையும் வளைக்கப் பார்த்தவர்கள் கதையும் உண்டு. காப்காம் நிறுவனம் 2012இல் தன் திகில் ஆட்ட வரிசையில் ‘ரெசிடென்ட் ஈவில் 6’ வெளியிட்டது. பயப்பட வந்தவருக்கும் தீனி, சுட்டுத்தள்ள வந்தவருக்கும் தீனி. பந்தி பெரிதுதான், எந்த இலையிலும் ருசி இல்லை. 70 லட்சம் விற்கும் என்று கணக்குப் போட்டவர்கள் அந்த நிதியாண்டில் 50 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பிறகு வருடக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்தது வேறு விஷயம். 2017இல் ஏழாவது ஆட்டத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? லூசியானாவில் ஒரு பாழடைந்த வீடு, கையில் கொஞ்சம் தோட்டா, கதவுக்குப் பின்னால் யாரோ. பழையபடி பயமுறுத்தினார்கள், அவ்வளவுதான். கூட்டம் திரும்பி வந்தது.

அதற்காக, கஷ்டமாகச் செய்தால் விற்றுவிடும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கஷ்டத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஆட்டங்கள் வந்த சுவடு தெரியாமல் போயிருக்கின்றன. ‘எல்டன் ரிங்’கில் ஒரு மேட்டில் ஏறி நின்றால் தூரத்தில் ஏதோ மினுங்கும், செத்தாலும் பரவாயில்லை, போய்ப் பார்ப்போம் என்று தோன்றும். அந்த ஆசையை மூட்டத் தெரிந்ததால்தான் 30 தடவை செத்த பிறகும் நீங்கள் அதைத் தூக்கிப் போடாமல் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

சரி, மார்கிட் அங்கேயேதான் நிற்பான், எங்கும் ஓடிவிட மாட்டான். தெற்கே பாலத்தைத் தாண்டினால் ஒரு தீபகற்பம் இருக்கிறது. ஒரு வாரம் அங்கே சுற்றிவிட்டு வாருங்கள். 31ஆவது தடவை என்ன ஆயிற்று என்று மறக்காமல் எழுதுங்கள்.